படலையடிச் செருமல்

1

நேற்றுப் பின்னேரம் வேலை முடிந்து வந்து, பதினோராம் மாடியில் லிஃப்டை விட்டு இறங்கியதும் வழக்கம்போல ஒருதரம் பலமாகச் செருமினேன். எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் இத்தாலியப் பெண்மணி தன் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பாவமாகப் பார்த்தார். கைப்பையைத் துழாவி இரண்டு இருமல் மிட்டாய்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, இந்தப் பனியில் நெஞ்சைக் கவனித்துக்கொள்ளச் சொன்னார்.

என் நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை. டொரொண்டோவில் பத்து வருடமாகக் கார் தரிப்பிடம் ஒன்றின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து சீட்டுக் கிழிக்கிறேன். ஒரு நாள் காய்ச்சலென்று படுத்ததில்லை. நான் செருமுவது என் தம்பிக்காக. அதை அந்த அம்மாவுக்கு என் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தப் போனால் பனியே உருகிவிடும். நன்றி சொல்லி மிட்டாயைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு அந்தச் செருமலை விளக்கத் தேவையில்லை. இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு யாராவது வாசித்துக் காட்டக்கூடும் என்பதால் எழுதிவைக்கிறேன். வேலணைத் தீவில் எங்கள் வீட்டில் தம்பி கனகசபை, தமையனாகிய எனக்கு முன்னால் சுருட்டுப் பத்தமாட்டான். அவன் பத்துவது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் நான் காணக்கூடாது, அவன் காட்டக்கூடாது. யாழ்ப்பாணத்தில் கிளாக்கர் வேலை முடிந்து, பண்ணைப் பாலத்தால் வரும் பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டுப் படலையில் கை வைக்க முன்னர் நான் ஒருதரம் செருமுவேன். உள்ளே கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்கும். கொஞ்சம் பொறுத்துத்தான் படலையைத் திறப்பேன். அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு, "வாங்கோ அண்ணை" என்று நிற்பான். முற்றம் முழுக்கச் சுருட்டு மணக்கும். நான் மழை வருமா என்று கேட்பேன்.

நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குப் போகும்போதும் அப்படித்தான். குறிகட்டுவானில் மோட்டார் வள்ளத்தில் ஏறியதும் நான் முன்னுக்குப் போய் இருப்பேன், அவன் பின்னுக்குப் போவான். காற்று பின்னாலிருந்து அடிக்கும் நாட்களில் இருவருக்கும் சங்கடம். அந்த நாட்களில் நான் கோபுரத்தைப் பார்த்தபடியே போய்ச் சேர்வேன், கழுத்து நோகும்.

இதற்கு ஊரில் மரியாதை என்று பெயர். நானும் அதை மரியாதை என்றே நினைத்திருந்தேன்.

2

எங்களைப் பெற்ற ஐயா இறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, கனகுவுக்குப் பதின்மூன்று. ஒருவன் படிக்கவேண்டும், ஒருவன் தோட்டத்தைப் பார்க்கவேண்டும் என்று வந்தபோது, நான் பரீட்சை எழுதிவிட்டேன், அவன் மண்வெட்டியை எடுத்துவிட்டான். யாரும் இருந்து பேசி முடிவெடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. புகையிலைத் தோட்டம். இலையை வெட்டி, புகைக்குடிலுக்குள் தொங்கவிட்டு, தேங்காய்ப் பொச்சு எரித்துப் புகை போடுவார்கள். கண் தெரியாத அந்தப் புகைக்குள் குனிந்து போய் வருவது அவன் வேலை. அதை முடித்து வெளியே வந்து, களைப்பாற ஒரு சுருட்டைப் பற்றவைப்பான். பதினேழு வயதில் தொடங்கியது.

நான் எண்பத்து நான்கில் நாட்டை விட்டு வந்தேன். அவன் இருந்தான். பிறகு தீவுகளில் இருந்து சனம் கிளம்பிய காலத்தில், மனைவி மலரையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டு, அவர்களைக் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருத்திவிட்டு, தொண்ணூற்றிரண்டில் இங்கே வந்து சேர்ந்தான். சின்னவளுக்கு அப்போது ஒரு வயது. குடிவரவுப் பேப்பர் சரிவந்ததும் மூவரையும் இங்கே எடுப்பது என்பதுதான் அவன் வந்த ஒரே காரணம்.

விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவனைக் கண்டேன். ஒரு சின்னப் பெட்டிதான். எங்களிடம் வந்து சேரும் முன்னர் மூன்று தரம் நின்றான். களைப்பு என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் எனக்கு விருப்பமாக இருந்தது.

எங்கள் வீட்டுப் பல்கனி அவனுடைய கிணற்றடி ஆகிவிட்டது. இங்கே தமிழ்க் கடையில் ஊர்ச் சுருட்டு வாங்கலாம் என்பதை வந்த இரண்டாம் கிழமையே கண்டுபிடித்துவிட்டான். பஸ் எடுக்கப் பழகியதற்கு முதல் அதைப் பழகினான். நான் படலைக்குப் பதிலாக லிஃப்டடியில் செருமத் தொடங்கினேன். கதவைத் திறக்கும்போது பல்கனிக் கண்ணாடி சறுக்கி மூடும் சத்தம் கேட்கும்.

3

குடிவரவு மருத்துவப் பரிசோதனையில் எடுத்த எக்ஸ்ரேயில் ஏதோ நிழல் இருந்தது. நெஞ்சு நோய்ப் பிரிவொன்றுக்கு அனுப்பினார்கள். கனகுவுக்கு ஆங்கிலம் ஏறவில்லை. மொழிபெயர்க்க நான் போனேன். மேசையில் ஒரு படிவம். கிளாக்கராக இருந்தவனுக்குப் படிவத்தைக் கண்டால் கை துறுதுறுக்கும். நானே நிரப்பித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். பிறந்த இடம், தொழில், அம்மை வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது சயரோகம் என்ற காசநோய் இருந்ததா. முத்து முத்தான எழுத்து. மூன்றாம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது. புகைக்கிறவரா, நாளொன்றுக்கு எவ்வளவு.

பேனை நின்றுவிட்டது. என் வாழ்நாளில் கேட்காத ஒன்றை அவனிடம் கேட்கவேண்டும். சுவரில் தொங்கிய நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"தம்பி, புகைக்கிறனியோ எண்டு கேக்கினம்."

அவன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இல்லை அண்ணை."

வேறு என்ன சொல்வான்? அவனிடம் கேட்டது டொக்டர் இல்லை, நான். 'இல்லை' என்ற கட்டத்துக்குள் புள்ளடி போட்டேன். யாழ்ப்பாண அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த காலத்தில் ஒரு பொய்யான பதிவு செய்ததில்லை என்று பெருமை அடித்துக்கொள்கிறவன் நான். அன்றைக்கு அந்தப் புள்ளடியும் முத்து மாதிரித்தான் விழுந்தது.

பின்னேரம் என் மகள் சுகந்தி அந்தப் படிவத்தின் பிரதியை வாசித்துவிட்டுக் குசினி அடுப்படியில் நின்ற என்னிடம் வந்தாள். பதினாறு வயது. வீட்டில் தமிழ் கதைக்கிறாள், ஆனால் கோபம் ஆங்கிலத்தில்தான் வருகிறது. அன்றைக்கு எனக்காகச் சிரமப்பட்டுத் தமிழில் கோபித்தாள்.

"அப்பா, நீங்கள் பொய் எழுதினீங்கள்."

"அவன் சொன்னதை எழுதினனான்."

"சித்தப்பா நாளைக்கு அஞ்சு சுருட்டுக் குடிக்கிறார். அந்தச் சுருட்டு வைக்கிற தகர ரின் எங்கை இருக்கெண்டும் எனக்குத் தெரியும். எனக்கு முன்னாலைதான் குடிக்கிறவர்."

"நான் தமையன். எனக்கு முன்னாலை அவன் சொல்ல ஏலாது. அது மரியாதை."

"அப்ப எனக்கு மரியாதை இல்லையா?"

சின்னப்பிள்ளைகள் பெரிய ஆட்களின் கதைக்குள் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பதில் இல்லாத தகப்பன்மார் எல்லோரும் சொல்வதுதான்.

4

சூடான நாட்டில் இருந்து வந்தவன், இருமுகிறான், மெலிந்திருக்கிறான், எக்ஸ்ரேயில் நிழல், புகைப்பழக்கம் இல்லை. இவற்றை வைத்து யாரும் சயரோகம் என்றுதான் சந்தேகப்படுவார்கள். அவர்களில் நான் பிழை காணமாட்டேன். நான் கொடுத்த கணக்குக்கு அவர்கள் போட்ட விடை சரி.

நான்கு விதமான குளிசை. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அவன் குளிசையை விழுங்குவதைப் பார்ப்பதற்கென்றே ஒரு தாதி வீட்டுக்கு வந்துபோனார். சளியைக் கிருமிக்காக வளர்த்துப் பார்க்கவேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும், அது முடியும் வரை அவனுடைய குடிவரவுக் கடதாசிக் கோவை நகராது என்று கடிதம் வந்தது. கோவை நகராவிட்டால் கொழும்பில் இருக்கும் மூவரும் நகரமாட்டார்கள். மலர் தொலைபேசியில் அழவில்லை. லொட்ஜ் அறையில் பொலிஸ் பதிவு மறுபடி கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னா. சின்னவள் 'அப்பா' என்று தொலைபேசியைத்தான் சொல்கிறாள் என்றும் சொன்னா.

முதல் பரிசோதனையில் கிருமி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஆனால் கனகு மோசமாகிக்கொண்டு வந்தான். லிஃப்டில் இருந்து எங்கள் கதவுக்குப் பதினாறு கதவு. எட்டாவதில் நின்று சுவரைப் பிடிப்பான். "முட்டு இழுக்குது அண்ணை, இந்தக் குளிர் ஒத்துவரேல்லை" என்பான். நானும் குளிரைத்தான் திட்டினேன். எங்களுக்குத் திட்டுவதற்குக் குளிர் இருந்தது பெரிய உதவி.

மூக்கு நுனியில் குற்ற உணர்ச்சி சுருட்டு மணத்தோடு இருந்துகொண்டே இருந்தது. அதை எப்படிச் சமாளித்தேன் தெரியுமா? முன்பைவிடப் பலமாகச் செருமினேன். தூரத்தில் இருந்தே செருமினேன்.

5

கடைசியில் நெஞ்சைக் கழுவிப் பார்ப்போம் என்றார்கள். மூக்கால் மெல்லிய குழாயை இறக்கி, கொஞ்சம் உப்புத் தண்ணீரை நுரையீரலுக்குள் விட்டு, திரும்ப உறிஞ்சி எடுப்பது. கனகு பயந்தான். நீச்சல் தெரிந்த தீவான் தண்ணீருக்குப் பயப்படலாமா என்று கேலி செய்து கூட்டிக்கொண்டு போனேன்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். நெஞ்சு டொக்டர் ஒரு பெண், அவசரம் இல்லாதவர். எடுத்த தண்ணீர் பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறத்தில் இருந்ததாம். எங்கள் இருவரையும் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொன்னார்.

முதலில் கனகு பார்த்தான், பிறகு நான். வட்டம் வட்டமாக உயிர்க் கலங்கள். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் மண்ணிறமும் கறுப்புமாகப் பொட்டுப் பொட்டாகத் துகள்கள். சிலவற்றில் துகளைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை.

டொக்டர் விளக்கினார். இவை நுரையீரலைக் காவல்காக்கும் கலங்கள், படைவீரர்கள் மாதிரி என்றார். நான் அந்த உவமையைக் கனகுவுக்குச் சொல்லவில்லை. உன் நெஞ்சுக்குள் ஆமி நிற்கிறது என்று அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துப்புரவுக்காரர் என்று மாற்றிச் சொன்னேன். உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் இவை தின்றுவிடும். எல்லாருக்கும் உண்டு. ஆனால் கனகுவின் நெஞ்சில் பல மடங்கு கூடிப்போய் நிற்கின்றன. புகைத்துகளைத் தின்கின்றன, ஆனால் செமிக்க முடியவில்லை. செமிக்காதபடியால் உதவிக்கு வேறு கலங்களைக் கூப்பிடுகின்றன. வந்தவை கிருமியைக் கரைக்கும் சாறுகளைக் கக்குகின்றன. கரைக்கக் கிருமி இல்லை. அதனால் நுரையீரலின் சுவரே கரைகிறது. கரைந்த சுவர் திரும்ப முளைக்காது.

"ஆக, காப்பாற்ற வந்தவைதான் இவரைத் தின்கின்றன," என்றார். "சயரோகக் கிருமி எதுவும் இதுவரை இல்லை. ஆனால் இந்தக் கலங்கள் புகையைத் தின்றிருக்கின்றன. எங்கே கிடைத்தது?"

தமிழில் சொன்னேன்.

"அண்ணை, புகைக்குடில் எண்டு சொல்லுங்கோ. பொய் இல்லைத்தானே."

எனக்கு உயிர் வந்தது. பொய்யே இல்லை. பொச்சுப் புகைக்குள் அவன் குனிந்து போய்வந்த கதையை நன்றாக விரித்துச் சொன்னேன். டொக்டர் ஆர்வமாக எழுதிக்கொண்டார். பிறகு, அதை விட்டு எவ்வளவு காலம் என்று கேட்டார். மூன்று வருடம் என்றேன். அவர் பேனையை மூடி வைத்தார். என்னைத்தான் பார்த்தார், கனகுவை அல்ல.

"அந்தப் புகையும் செய்திருக்கும். முடிந்துபோன புகை என்றால் நான் ஒரு வழியில் போகவேண்டும். இன்றைக்கும் உள்ளே போகிற புகை என்றால் வேறு வழி. எது என்று இந்தக் கலங்களைப் பார்த்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தினமும் போகிறது என்றால், இரண்டு மூன்று வருடத்தில் இவர் கட்டிலில் இருந்து கதவுக்கு நடக்கமாட்டார். இவருடன் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். நீங்கள் சொல்லுங்கள்."

மூன்று வருடத்தில் சின்னவளுக்கு ஐந்து வயதாகியிருக்கும் என்பதுதான் எனக்கு முதலில் ஓடியது.

ஆங்கிலத்தில் சொன்னேன். பதினேழு வயது தொடக்கம், நாளைக்கு நாலைந்து சுருட்டு, இன்று காலையிலும் ஒன்று. எல்லாம் எனக்கு முதல் நாளில் இருந்தே தெரியும். படிவத்தில் புள்ளடி போட்ட கை என்னுடையது. ஆங்கிலத்தில் எல்லாம் சுலபமாக இருந்தது. கனகு பக்கத்தில் இருந்தும் ஒரு சொல் அவனுக்கு விளங்கவில்லை. முகம் முறியாமல் காரியம் முடிந்தது என்று ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது.

டொக்டர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நல்லது. இப்போது இவர் அதை விடவேண்டும். இன்றைக்கே. விட்டாலும் இந்தக் கலங்கள் உடனே அடங்காது, புகை நின்ற பிறகும் நெடுங்காலம் துடித்துக்கொண்டே இருக்கும். கரைந்தது கரைந்ததுதான். ஆனால் கரையும் வேகம் குறையும், மிச்சத்தைக் காப்பாற்றலாம். இதை அவருக்குச் சொல்லுங்கள்," என்றார்.

நாற்பத்தாறு வயதுத் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு பிள்ளை மாதிரிக் கதிரையில் இருந்தான்.

"தம்பி, சுருட்டை விடு."

அவன் தலை குனிந்தது.

"ஓம் அண்ணை."

டொக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தான் இவ்வளவு சொன்னதற்கு மூன்று சொல்தானா என்று கேட்டார். போதும் என்றேன்.

6

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வந்தோம். பாதி வழியில் அவன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்.

"படலையடியிலை நீங்கள் செருமாமல் ஒருநாள் உள்ளுக்கை வந்திருந்தா, நான் எப்பவோ விட்டிருப்பன் அண்ணை."

கோபமாகச் சொல்லவில்லை. நேற்று மழை பெய்தது என்று சொல்வது மாதிரிச் சொன்னான். அவனுக்கு மரியாதை கொடுக்கிறேன் என்று நினைத்து, ஒவ்வொரு நாளும் அவனுக்கு ஒளிக்க நேரம் கொடுத்திருக்கிறேன். ஐயா இருந்திருந்தால் ஒரு நாள் செருமாமல் வந்து, காதைப் பிடித்து முறுக்கியிருப்பார். ஐயாவின் இடத்தில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன், அவருடைய அந்த ஒரு வேலையை மட்டும் செய்யவில்லை.

"நீ பத்தின சுருட்டிலை பாதி என்ரை," என்றேன். அவன் சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சுருட்டு ரின்னைக் கொண்டுவந்து என் முன்னால் மேசையில் வைத்தான். ரின்னின் மூடியை அவன் என் கண்ணுக்கு முன்னால் திறந்தது அதுதான் முதல் தடவை. சுகந்தி அதைக் குப்பைக் குழாய்க்குள் போட்டுவிட்டு வந்து, "இவ்வளவுதானே, இதை முதலே செய்திருக்கலாம்" என்ற பார்வையோடு பாடப் புத்தகத்தை எடுத்தாள். அவளுடைய உயிரியல் புத்தகத்தில் அந்தத் தின்னும் கலத்தின் படம் இருக்கிறது. சித்தப்பாவுக்குக் காட்டினாள். "என்ரையைப் போலை கறுப்பா இல்லை," என்றான் அவன்.

கழுவி எடுத்த தண்ணீரிலும் கிருமி வளரவில்லை. குளிசையை நிறுத்தினார்கள். சயரோகம் இல்லை என்று டொக்டர் கடிதம் கொடுத்தார். கோவை நகர்ந்தது. என் ஒரு புள்ளடியால் அந்தப் பிள்ளைகளுக்குத் தகப்பன் இல்லாமல் போன மாதங்களை எந்தக் கடிதமும் திருப்பித் தராது. இதை மலருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அவ இங்கே வந்து இறங்கியதும் முதலில் சொல்வேன்.

7

கனகு சுருட்டை விட்டு எட்டு மாதமாகிறது. இப்போது பதினோராவது கதவில்தான் நிற்கிறான். ஒவ்வொரு நாளும் நடைபாதையில் நடந்து பழகுகிறான். போன கிழமை, தலையணை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். என்ன இது என்று கேட்டேன்.

"சின்னவளுக்கு மூண்டு வயது. எத்தினை றாத்தல் இருப்பாள் அண்ணை? தூக்கிக்கொண்டு கார் நிக்கிற இடம் வரைக்கும் நடக்க ஏலுமோ?"

ஏலும் என்று சொன்னேன். தெரிந்து சொல்லவில்லை. டொக்டரிடம் கேட்டபோது அவரும் தெரிந்து சொல்லவில்லை.

நேற்று அந்த மிட்டாயோடு வீட்டுக்குள் போனேன். வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தாலும் என் தொண்டை லிஃப்டடியில் தன் பாட்டுக்குச் செருமிவிடுகிறது. கனகு கதிரையில், கதவுக்கு முதுகு காட்டி இருந்தான். கதவுச் சத்தத்துக்குத் திரும்பி, என்னைக் கண்டதும் எழும்பினான். எழும்பும்போதே வலது கை சட்டென்று முதுகுக்குப் பின்னால் போனது.

இருவரும் அந்தக் கையைக் கவனித்தோம். அவன் மெல்ல அதை முன்னுக்குக் கொண்டுவந்து விரித்துக் காட்டினான். வெறுங்கை.

முதலில் அவன்தான் சிரித்தான். பிறகு நான். அவன் சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்கும் வரை நான் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன். முதுகெலும்பு எல்லாம் கையில் பட்டது. உள்ளே அந்தக் கலங்கள் இன்னும் அடங்கவில்லை என்று தெரிந்தது.

விரித்த கை அப்படியே இருந்தது. சட்டைப் பையில் இருந்த இரண்டு மிட்டாயையும் எடுத்து அதில் வைத்தேன்.

"ஒண்டைத் தின். மற்றதை வைச்சிரு, சனிக்கிழமை எயார்போட்டிலை தேவைப்படும்."